பகல் சீரியலில் இருந்து வந்தவர்கள்

ஹாலிவுட் நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ஆரம்பத்தில் பகல்நேர சீரியல்களில் நடித்தார். அதோடு சரி. அடுத்த வரியில் முதல் படம் வந்துவிடும், அப்புறம் விருது, கல்யாணம், விவாகரத்து. ஜூலியன் மூருக்கு அந்த ஒரு வரிக்குள் மூன்று வருடம் அடங்கியிருக்கிறது. டாமி லீ ஜோன்ஸுக்கு நான்கு வருடம். ஷெமார் மூருக்குப் பத்து வருடத்துக்கும் மேல். வாரத்தில் ஐந்து நாள், வருடம் முழுக்க ஓடும் தொடரில் மூன்று வருடம் இருந்தவர் பேசித் தீர்த்த வசனம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொஞ்ச நாளாக எனக்கு அந்த ஒரு வரியின் மேல்தான் கண். யூடியூபில் அந்தக் காலத்து எபிசோடுகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடக்கின்றன. யாரோ வீட்டு விசிஆரில் பதிவு செய்து வைத்தவை. நிறம் வெளுத்திருக்கும், திரையின் அடியில் கோடு ஓடும். பெரிய நட்சத்திரங்களின் சின்ன வயது முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் உள்ளே போனேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்துவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் டிவியில் சீரியலுக்கு மவுசு சாயங்காலத்துக்குப் பிறகுதான். அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே அன்றாடத் தொடர்கள் மத்தியானத்துக்குரியவை. 1930களில் வானொலியில் தொடங்கிய வழக்கம் அது. வீட்டில் இருக்கும் பெண்கள் கேட்பார்கள் என்று சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டன. இந்தத் தொடர்களுக்கு ‘சோப்’ என்ற பெயரே அப்படித்தான் வந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் பல தொடர்களைத் தானே சொந்தமாகத் தயாரித்தது. அவற்றில் ஒன்றான ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் பிறந்து, 1952இல் டிவிக்கு வந்து, 2009 வரை ஓடியது. இரவு நேரம் என்பது தனி உலகம். அங்கே வாரத்துக்கு ஒரு எபிசோட், வருடத்துக்கு இருபத்திச் சொச்சம். காசும் கவனமும் அந்தப் பக்கம்தான். விருதில்கூடப் பந்தி வேறு: 1974 முதல் பகல் நிகழ்ச்சிகளுக்கு டேடைம் எம்மி என்று தனி விழாவே நடக்கிறது. ஒரே தொழில், ஒரே சேனல், ஆனால் பகலில் நடிப்பவரை இரவில் நடிப்பவருக்குச் சமமாக யாரும் வைப்பதில்லை. ஒருவரின் நடிப்பு மிகையாக இருந்தால் விமர்சகர்கள் ‘சோப் நடிப்பு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த நடிப்பு எந்த நிலைமையில் நடக்கிறது என்று பார்த்தால் அந்தச் சொல்லின் அநியாயம் புரியும்.

ஒரு மணி நேரத் தொடர் ஒன்றுக்கு ஒரு நாளில் ஒரு எபிசோட் எடுத்தாக வேண்டும். ஸ்கிரிப்ட் எழுபது எண்பது பக்கம் இருக்கும். கதையின் நடுவில் மாட்டிக்கொண்ட நடிகருக்கு அதில் பெரிய பங்கு. காலையில் விடிந்தும் விடியாமலும் ஸ்டுடியோவுக்கு வந்து, எங்கே நிற்பது, எந்த வார்த்தையில் சோஃபாவைச் சுற்றி வருவது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். மேக்கப், உடை. பக்கத்துப் பக்கத்தில் மருத்துவமனை வராந்தா, பணக்காரர் வீட்டு ஹால், மதுக்கூடம் என்று செட்டுகள் நிற்கும். ஒரு செட்டில் எடுக்க வேண்டிய எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார்கள். அதனால் கணவன் செத்துப் போனதற்கு அழுதுவிட்டு, அரை மணி கழித்து, அவன் உயிரோடிருந்த காலையில் அவனோடு சண்டை போட வேண்டியிருக்கும். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். இயக்குநர் மேலே தனி அறையில் இருப்பார். கீழே இருப்பவருக்கு அவர் வெறும் குரல்தான். வசனம் பெரிதாக உளறாத வரை முதல் டேக்கே கடைசி டேக். ராத்திரி வீட்டுக்குப் போனால் நாளைக்குரிய பக்கங்கள் காத்திருக்கும்.

இதோடு எழுத்தின் தொல்லை வேறு. திங்கட்கிழமை பார்க்காதவர் வியாழக்கிழமை உட்கார்ந்தாலும் புரிய வேண்டும் என்பதால், ஒரே செய்தியை ஒரு பாத்திரம் நாலு பேரிடம் நாலு முறை சொல்லும். “உனக்குத் தெரியுமா, அந்தக் குழந்தை அவனுடையது இல்லை!” ஒவ்வொரு முறையும் அது புதிதாக இடி விழுந்த மாதிரி இருக்க வேண்டும். காட்சி முடிந்த பிறகும் கேமரா முகத்தை விட்டு நகராது. விளம்பரத்துக்குப் போகும் வரை நடிகர் தூரத்தில் எதையோ பார்த்தபடி, யோசிப்பதும் பயப்படுவதும் ஒன்றாகத் தெரிய, அப்படியே நிற்க வேண்டும். நாம் கேலி செய்யும் அந்தப் பார்வை, எழுத்தாளர் ஒன்றும் எழுதித் தராத சில நொடிகளை நடிகர் தனியாக நிரப்பும் பார்வை.

வேலை நிலையானது என்று வெளியே பேச்சு. ஒப்பந்தத்தைப் பார்த்தால் நிலைத்தன்மை ஒரு பக்கம்தான். நடிகர் இரண்டு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார். தயாரிப்பாளரோ பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது இருபத்தாறு வாரத்துக்கு ஒருமுறை, வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். நம் சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போடுவது போல, அங்கே ஒரு குரல் வந்து இன்று முதல் இந்தப் பாத்திரத்தில் இன்னார் என்று அறிவிக்கும். கதை ஒரு நொடிகூட நிற்காது. இதற்கும் கீழ்ப்படியில் ‘அண்டர் ஃபைவ்’ என்று ஒரு வகை உண்டு. ஐந்து வரிக்கு மேல் வசனம் இல்லாதவர்கள். நர்ஸ், டாக்சி டிரைவர், காப்பி கொண்டு வைப்பவர். நியூயார்க் நாடக நடிகர்கள் பலருக்கு மாத வாடகை கொடுத்தது இந்த ஐந்து வரிகள்தான்.

இப்போது ஜூலியன் மூருக்கு வருகிறேன். 1985 முதல் 1988 வரை அவர் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரில் நடித்தார். பாத்திரத்தின் பெயர் ஃப்ரானி ஹியூஸ். கொஞ்ச நாளில் கதாசிரியர்களுக்கு ஆசை வந்து, ஃப்ரானியைப் போலவே இருக்கும் சப்ரினா என்று ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அப்பா ஒருவர், அம்மாக்கள் அக்கா தங்கை. ஆகவே இவள் அவளுக்கு ஒன்றுவிட்ட சகோதரியும் கூட, ஒரே அப்பாவின் மகளும் கூட. உறவுமுறையை எனக்கே இரண்டு முறை எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் மூரே நடித்தார். ஒரே நாள் வேலையில் இரட்டை வேடம், இரட்டை வசனம். 1988இல் டேடைம் எம்மி கிடைத்தது. அதோடு கிளம்பினார்.

கிளம்பியவுடன் சிவப்புக் கம்பளம் விரிந்துவிடவில்லை. நாடகம், டிவி படம், சின்ன வேடங்கள் என்று வருடங்கள் போயின. 1993இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘ஷார்ட் கட்ஸ்’, 1995இல் டாட் ஹேன்ஸின் ‘சேஃப்’. ‘சேஃப்’ படத்தில் அவர் செய்வதெல்லாம் மெல்லக் கரைந்து போவதுதான். குரல் கூடப் பாதிதான் வெளியே வரும். கேமரா அறையின் மறுகோடியில் நிற்கும், அவர் சோஃபாவில் சின்னப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். நாலு பேரிடம் நாலு முறை அதே அதிர்ச்சியைச் சொன்னவர், ஒன்றுமே சொல்லாமல் ஒரு படம் முழுக்க இருக்கிறார்.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு எண்ணம் உறுதிப்பட்டது. பகலில் இருந்து இரவுக்கும் சினிமாவுக்கும் போவதை எல்லோரும் படியேறுவதாகப் பேசுகிறார்கள். நடிகரின் கையில் உண்மையில் மாறுவது நேரம். இரவுத் தொடரில் ஒரு மணி நேர எபிசோடுக்கு எட்டு நாள் கிடைக்கும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் முடிந்தால் நல்ல நாள். எண்பது பக்கத்தில் இருந்து மூன்று பக்கத்துக்கு வருபவருக்கு முதலில் மூச்சு வாங்கும் சுகம், அடுத்து ஒரு பெரிய தவிப்பு. இவ்வளவு நேரத்தை என்ன செய்வது? சீரியலில் முடிவெடுக்க நேரமில்லை. எதையாவது ஒன்றைத் துணிந்து செய்துவிட்டு நகர்ந்தாக வேண்டும். அந்தத் துணிச்சலை வைத்துக்கொண்டு அவசரத்தை மட்டும் உதறத் தெரிந்தவர்கள் கடந்து போனார்கள். அவசரமே நடிப்பாகப் படிந்துவிட்டவர்கள் முதல் ஷாட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பன்னிரண்டாவது டேக்கில் வெறுங்கையோடு நிற்பார்கள் என்று தோன்றுகிறது. என் ஊகம்தான். ஆனால் நிறையத் துண்டுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அதே சமயம், அந்த அவசரத்திலேயே மகத்தான நடிப்பு நடந்திருக்கிறது. 1979இல் ‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரில் ஜூடித் லைட்டின் நீதிமன்றக் காட்சி. அவர் நடித்த கேரன் வோலெக் ஒரு டாக்டரின் மனைவி, ஊரில் மரியாதையான பெண். பகலில் கணவனுக்குத் தெரியாமல் உடலை விற்றவள். தோழி விக்கி மேல் கொலைக் குற்றச்சாட்டு. அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கேரன் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், கணவன் எதிரே உட்கார்ந்திருக்க. வழக்கறிஞர் கேட்கக் கேட்க முதலில் மழுப்புகிறாள், கோபப்படுகிறாள், பிறகு உடைகிறாள். உடைந்த பிறகும் நிற்காமல் பேசிக்கொண்டே போகிறாள். ஒளியமைப்பு தட்டை. செட்டின் சுவர் அட்டை மாதிரி இருக்கிறது. எனக்கு அதெல்லாம் ஒரு நிமிடத்தில் மறந்துபோனது. முகம் இவ்வளவு கோணலாகத் தெரியலாமா என்ற கவலையே இல்லாத நடிப்பு. 1980லும் 1981லும் அவருக்கு டேடைம் எம்மி கிடைத்தது.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? நகைச்சுவைத் தொடர். 1984இல் ‘ஹூஸ் தி பாஸ்’, எட்டு வருடம், பிரைம் டைம். பின்னாளில் பிராட்வே மேடைக்குப் போய் 2012லும் 2013லும் அடுத்தடுத்து டோனி விருது வாங்கினார். அழ வைத்தவர் சிரிக்க வைத்துத்தான் இரவுக்குள் நுழைந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வேகம் என்பது இரண்டுக்கும் பொது.

‘சோப்பில் இருந்து வந்த நட்சத்திரங்கள்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். அதில் பிராட் பிட், லியோனார்டோ டிகாப்ரியோ பெயர் கட்டாயம் இருக்கும். பிட் 1987இல் ‘அனதர் வேர்ல்ட்’ தொடரிலும் டிகாப்ரியோ 1990இல் ‘சான்டா பார்பரா’விலும் சில எபிசோடுகள் வந்துபோனவர்கள். அவர்களை சோப் நடிகர் என்பது, ரயில் நின்ற ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்தவரை அந்த ஊர்க்காரர் என்பது போல. அதே ‘சான்டா பார்பரா’வில் 1984 முதல் 1988 வரை இருந்த ராபின் ரைட் கணக்கில் வருவார். அவர் நாயகியாக நடித்த ‘தி பிரின்சஸ் பிரைட்’ படம் 1987இல் வெளியானபோது அவர் இன்னும் மத்தியான டிவியில் தினமும் அழுதுகொண்டிருந்தார். பன்னிரண்டு வயதிலேயே ‘ஒன் லைஃப் டு லிவ்’ செட்டுக்குப் போன லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் கணக்கில் வருவார்.

எல்லாக் கதையும் பயிற்சிக்கூடக் கதையும் இல்லை. 2003இல் ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் ரெஜி என்ற கறுப்பின இளைஞன் பாத்திரத்துக்கு சாட்விக் போஸ்மனை எடுத்தார்கள். தெருவில் திரியும், கும்பல் சகவாசம் உள்ள பையன். இப்படி ஒரே அச்சில் ஏன் வார்க்கிறீர்கள் என்று போஸ்மன் தயாரிப்பாளர்களிடம் கேட்டார். விரைவிலேயே வேலை போனது. அந்த இடத்துக்கு வந்தவர் பதினாறு வயது மைக்கேல் பி. ஜோர்டன். 2006 வரை நடித்தார். போஸ்மன் முன்பே கேள்வி கேட்டுவிட்டுப் போனதால் தனக்கு வந்த பாத்திரம் கொஞ்சம் மாறியிருந்தது என்று ஜோர்டன் பல வருடம் கழித்து, போஸ்மன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். நடுவில் 2018இல் ‘பிளாக் பேந்தர்’ வந்திருந்தது. ஒருவர் அரசர், மற்றவர் அந்த அரியணைக்குப் போட்டியாக வருபவர். துரத்தப்பட்டவரும் அந்த இடத்தில் உட்கார்ந்தவரும் ஒரே படத்தில் மோதுகிறார்கள். பகல் சீரியல் கதாசிரியர்கூட இப்படி எழுதத் தயங்கியிருப்பார்.

அதே ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில்தான் சூசன் லூச்சி இருந்தார். 1970இல் தொடர் தொடங்கியதில் இருந்து 2011இல் சேனல் அதை நிறுத்தியது வரை எரிக்கா கேன் என்ற பாத்திரம் அவர்தான். எம்மிக்குப் பதினெட்டு முறை பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றார். அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில், திரையில் அவருக்கு மகளாக வந்த சாரா மிஷேல் கெல்லர் 1995இல் இளம் நடிகைக்கான எம்மியை வாங்கிக்கொண்டு அதே வருடம் தொடரை விட்டும் போய்விட்டார். 1997இல் அவர் நாயகியாக நடித்த இரவுத் தொடர் ‘பஃபி’ வந்தது. லூச்சிக்குப் பத்தொன்பதாவது முறையில், 1999இல் விருது கிடைத்தது. மேடையில் அந்தப் பெயரை வாசித்தவர் ஷெமார் மூர். அப்போது அவரும் பகல் நடிகர்தான், ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ தொடரில் மால்கம். தோல்வித் தொடர் முடிந்தது என்று அவர் அறிவித்ததும் அரங்கமே எழுந்து நின்று ஓயாமல் கைதட்டியது. மூர் 2005இல் இரவுக்கு மாறி ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ தொடரில் பதினோரு வருடம் ஓட்டினார், பிறகு 2017 முதல் 2025 வரை ‘ஸ்வாட்’ தொடருக்கே தலைவர். லூச்சி தன் தொடர் நிற்கும் வரை அதை விட்டுப் போகவில்லை. போகாததைத் தோல்வி என்று எழுதுபவர்கள் அந்த மேடையின் வீடியோவைப் பார்த்ததில்லை போலும்.

படியேற்றக் கதைக்கு அடங்காத இன்னொருவர் ஜஸ்டின் ஹார்ட்லி. 2002இல் ‘பேஷன்ஸ்’ என்ற பகல் தொடர். அங்கிருந்து இரவில் ‘ஸ்மால்வில்’, அதில் பச்சை உடை போட்ட வில்லாளி. முன்னேறிவிட்டார் என்று நினைத்தால், 2014இல் திரும்பவும் பகலுக்கே வந்து ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ தொடரில் ஆடம் நியூமன். அங்கே ஏற்கெனவே வேறு நடிகர்கள் போட்ட வேடம் அது. 2016இல் ‘திஸ் இஸ் அஸ்’ கிடைத்தது, ஆறு சீசன் ஓடியது. 2024இல் ‘டிராக்கர்’, அதுவும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு, நாடே டிவி முன் இருக்கும் நேரத்தில் முதல் எபிசோட். 2014இல் அவர் திரும்பிப் போனதை வீழ்ச்சி என்று யாராவது எழுதியிருந்தால் அவர்கள் இரண்டு வருடத்தில் அழித்து எழுத வேண்டியிருந்திருக்கும். பிரையன் கிரான்ஸ்டனுக்கு இந்தப் பொறுமைகூடப் போதவில்லை. 1980களின் நடுவில் ‘லவிங்’ என்ற பகல் தொடரை விட்டவருக்கு ‘பிரேக்கிங் பேட்’ வந்தது 2008இல்.

இனி இந்த வழி எத்தனை பேருக்குத் திறந்திருக்கும் என்பது வேறு கேள்வி. ‘அனதர் வேர்ல்ட்’ 1999இல் முடிந்தது, ‘கைடிங் லைட்’ 2009இல், ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010இல், ‘ஒன் லைஃப் டு லிவ்’ 2012 ஜனவரியில். ‘ஆல் மை சில்ட்ரன்’ கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து அங்கே மூச்சை விட்டது. பெண்கள் வேலைக்குப் போனதும், கேபிள் வந்ததும், 1995இல் முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் கொலை வழக்கு மாதக்கணக்கில் மத்தியான நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் காரணமாகச் சொல்லப்படும். இதில் அதிகம் பேசப்படாத இழப்பு நியூயார்க்குடையது. பகலில் சீரியல், ராத்திரி மேடை என்று இரண்டு வண்டியில் கால் வைத்துப் பிழைத்த ஒரு நடிகர் கூட்டத்துக்கே பகல் வண்டி நின்றுபோனது. மிச்சம் இருப்பவற்றில் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022இல் டிவியை விட்டு ஓடிடிக்குப் போய்விட்டது. பல வருட வறட்சிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்று ஒரு புதிய பகல் தொடர் தொடங்கியது, கறுப்பினக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்து. படப்பிடிப்பு அட்லாண்டா பக்கம்.

ஜூலியன் மூர் 2010 ஏப்ரலில் ஒருமுறை பழைய தொடருக்குத் திரும்பி வந்தார். ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டிருந்த நேரம் (வாங்கியது 2015இல்). ஃப்ரானியாக, அப்பாவின் திருமண நாளுக்கு வாழ்த்துச் சொல்லும் சின்னக் காட்சி. அந்த அப்பா பாப் ஹியூஸாக இருந்த டான் ஹேஸ்டிங்ஸ் அந்த வேடத்தை 1960இல் ஏற்றவர். ஐம்பது வருடம், ஒரே மனிதர், ஒரே பாத்திரம்.

பார்க்க ஆசைப்பட்டால் ஜூடித் லைட்டின் சாட்சிக் கூண்டில் இருந்து தொடங்குங்கள். முன்கதை தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அவர்களே நாலு முறை சொல்லிவிடுவார்கள். அடுத்து மூரின் ஃப்ரானி சப்ரினா காட்சிகள், ஒரே நாளில் ‘சேஃப்’ படத்தையும் சேர்த்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பிராட் பிட்டின் துண்டைத் தாராளமாக விட்டுவிடலாம்.